நாங்கள் இன்றைக்கும் ஆற்றில்தான் குளிக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பாரிஸ் நகரத்து சேன் ஆற்றைப் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். 1923-இல் குளிக்கத் தடை போட்ட ஆற்றை, 140 கோடி யூரோ செலவழித்து, 2025 ஜூலையில் மூன்று இடங்களில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மழை நாளில் சாக்கடை பொங்கி ஆற்றில் விழாமலிருக்க, 50,000 கன மீட்டர் கொள்ளும் தொட்டியை நிலத்துக்குள் கட்டியது வரை நன்றாகவே இருந்தது. கடைசியில், நம் ஊர்களில் ஆற்றுக்குளியல் போன தலைமுறையோடு முடிந்துவிட்டது என்று ஒரு வரி. அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

யார் சொன்னது? விடியற்காலையில் திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறைக்கு வந்து பாருங்கள். எனக்கு 67 வயது. வெள்ள நாள் தவிர தாமிரபரணியில்தான் குளியல். எங்களைப் போல எத்தனையோ பேர். நாங்கள் கணக்கில் இல்லையா, ஐயா?

போன மே மாதம் பேத்திக்கு அங்கேதான் நீச்சல் பழக்கினேன். நாலாம் நாள் காதில் சீழ். டாக்டர் முதலில் கேட்டதே, "ஆத்துலயா குளிச்சா?" என்றுதான். மருமகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையை அப்புறம் என்னோடு அனுப்பவும் இல்லை.

ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழுவது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் கொடுத்த மனுக்களுக்கு ரசீது மட்டும் பத்திரமாக இருக்கிறது. 2018 புஷ்கர நீராடல் விழாவின்போது எங்கள் படித்துறையைத் தேய்த்துக் கழுவினார்கள்; கூட்டம் போனதும் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, திரும்பி வந்துவிட்டது. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். கால் மாட்டினால் எடுக்க முடியாது. அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை நீங்கள் வெளியிடவில்லை. சரி, இடம் இருந்திருக்காது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பாபநாசம் அணை நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள். பாரிஸில் தண்ணீரைத் தினமும் சோதித்து, பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடி ஏற்றுகிறார்கள். அதுபோல, குறுக்குத்துறைத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி, அதன் முடிவை வாரம் ஒரு தடவையாவது அணை மட்டத்துக்குக் கீழே ஒரு வரியாகப் போடுங்கள். மருமகளிடம் காட்டிக் கேட்க எனக்கு அந்த வரி வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி