பறக்கவிடவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு,

கோடை விடுமுறை வந்தால் சென்னையில் ஏரோ மாடலிங் வகுப்புகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் டெப்ரான் என்னும் இலகுவான நுரை அட்டையை வெட்டி ஒட்டி, மோட்டாரும், திருப்பும் பாகங்களை அசைக்கும் சர்வோ என்ற குட்டி மோட்டாரும் பொருத்தி, ரிமோட் விமானத்தோடு வீடு திரும்புகிறார்கள். முதல் பறப்புக்குத்தான் துணைக்கு ஆள் இல்லை. விமானம் மைதானத்தில் மூக்குடைந்து விழுகிறது. பிள்ளை மனம் விட்டுப்போகிறது. இது பிள்ளையின் குறை அல்ல, பாடத்திட்டத்தின் குறை.

முதல் பறப்பின் தலையெழுத்து பெரும்பாலும் தரையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் எடைச் சமநிலை, அதாவது விமானத்தின் எடை சமமாக நிற்கும் புள்ளி (சி.ஜி.). சாதாரணப் பயிற்சி விமானத்தில் இறக்கை அகலத்தின் (முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரை) கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே, முன்விளிம்பிலிருந்து அளந்து, இது அமைய வேண்டும். 20 செ.மீ. அகல இறக்கை என்றால் 5 முதல் 6.5 செ.மீ.க்குள். பேட்டரியை மாட்டிய பிறகு, இரண்டு இறக்கைகளிலும் அந்த இடத்துக்கு அடியில் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்குங்கள். மூக்கு மட்டமாகவோ சற்றுத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். மூக்குக் கனம் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனம் அப்படியல்ல: கையை விட்டதும் மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, ஒரு பக்கம் சரிந்து குத்திட்டு விழும். தேர்ந்த கைக்கும் அது அடங்காது.

அடுத்தது திசை. விமானத்துக்குப் பின்னால் நின்று டிரான்ஸ்மிட்டரின் (கையில் பிடிக்கும் ரிமோட்டின்) குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது ஏலரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல், மேலே எழ வேண்டும். தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர், அதாவது வாலில் உள்ள கிடைமட்ட மடல், மேலே வர வேண்டும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போது டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்க வேண்டும். பேட்டரியின் சார்ஜையும் பாருங்கள்: மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும்.

கோடையில் விடிந்ததும் பறக்கவிடுவதே நல்லது. நண்பகலையொட்டிக் கடற்காற்று ஏறிவிட்டால் இலகுவான விமானம் தாங்காது. முக்கால் த்ராட்டில் (மோட்டார் வேகம்) கொடுத்து, எதிர்காற்றில், மட்டமாக வீசுங்கள். மேல்நோக்கி வீச வேண்டாம். 30, 40 மீட்டர் உயரம் வரும்வரை பெரிய திருப்பம் கூடாது. பிறகு பாதி த்ராட்டிலில் குச்சியை விட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி டிரான்ஸ்மிட்டரில் ட்ரிம் செய்யுங்கள். முதல் பறப்பின் வேலை அது மட்டுமே. குட்டிக்கரணம் எல்லாம் பிறகு. விமானம் நம்மை நோக்கி வரும்போதுதான் இடமும் வலமும் குழம்பும். அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும். ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

வகுப்பு நடத்துவோரிடம் வேண்டுவது ஒன்றுதான். இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைக்கும் பயிற்சி வசதி பல மாடல்களில் உண்டு. ஆசிரியர் சுவிட்சை விட்டதும் கட்டுப்பாடு அவர் கைக்கு வந்துவிடும். அதை வைத்து ஒரு காலைப் பொழுதைப் பறப்புக்கு ஒதுக்குங்கள். இடத்தையும் நீங்களே பார்த்துக் கொடுங்கள். கிண்டி, வேளச்சேரி, பல்லாவரம் எல்லாம் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மிக அருகில் இருப்பவை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. தள்ளி இருக்கும் இடங்களில்கூட அனுமதியின்றி 60 மீட்டருக்கு மேல் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகள் இடம் தரவில்லை. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்து மைதானம் தேர்ந்தெடுப்பதைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது.

ஏரோ மாடலிங் ஆர்வலர்,
சென்னை