தலைக்காயம் பட்டோர், குடும்பத்தினர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், இன்று முதன்முறையாக வந்திருக்கும் குடும்பங்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டில் நடந்த வேலைகளை நான் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நம்மைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலானோர் டூவீலர் விபத்தில் அடிபட்டவர்கள். அடுத்தபடியாகச் சாரத்திலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்தவர்கள், குளியலறையில் வழுக்கி விழுந்த பெரியவர்கள். பெரியவர்கள் விஷயத்தில் ஒன்றை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். விழுந்த அன்று நன்றாக இருந்துவிட்டு, சில வாரம் கழித்து நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ, வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் மெதுவாகக் கட்டியிருக்கலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும், பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் சரிசெய்யவும் முடியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. புதிதாக வருபவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கேட்பது ‘ஜி.சி.எஸ்.’ (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) பற்றித்தான். கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் சுயநினைவின் அளவை அறிய 1974-ல் வெளியிட்ட அளவுகோல் அது. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். குறைந்தது 3, அதிகம் 15. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். ஆனால் 15 வந்துவிட்டால் முழுதாகக் குணமாகிவிட்டார் என்று அர்த்தமில்லை. சுயநினைவோடு இருக்கிறார் என்று மட்டும்தான் அர்த்தம்.

மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்து அனுப்பப்பட்டவர்களின் வீட்டார் பயந்துபோய் வருகிறார்கள். அது பத்திரமாக வைக்கப்பட்ட அவர்களுடைய சொந்த எலும்புதான். வீக்கம் வடிந்தபின் மறுபடி பொருத்துவார்கள். அதுவரை தலையில் எலும்பு எடுத்த பக்கம் அழுத்தம் படாமலும், விழாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. ஆள் நடக்கிறார், சாப்பிடுகிறார், ‘நல்லாத்தானே இருக்காரு’ என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்குள் மனைவிக்கோ அம்மாவுக்கோ மட்டும் தெரிகிறது, ஆள் பழையபடி இல்லையென்று. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். சின்ன விஷயத்துக்குத் தட்டைத் தூக்கி வீசுவார். அல்லது, குளிக்கச் சொன்னாலும் எழாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் கோபத்தை அடக்குவதும், ஒரு வேலையைத் தொடங்க வைப்பதும். தலை வேகமாக மோதும்போது அந்தப் பகுதி மண்டையோட்டின் உள்பக்க மேடுகளில் உரசி அடிபடுகிறது. ஆகவே அது திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. செய்வினை என்று சொல்லிக் குடும்பத்தை அலையவிட்டவர்களும் உண்டு. குலசாமிக்கு வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் வலிப்பு மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். குடி அறவே கூடாது.

வீடுகளில் பலன் தந்ததாக உறுப்பினர்கள் சொன்னவை: பேசும்போது டிவியை அணைப்பது, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்வது, அன்றாட வேலைகளைச் சுவரில் எழுதி ஒட்டுவது, களைப்பு தெரியும் முன்பே படுக்க வைப்பது. கோபம் வந்தால் எதிர்வாதம் செய்யாமல் கொஞ்சம் விலகிப் போய், அப்புறம் வந்து பேசுவது.

கவனித்துக்கொள்ளும் பெண்களுக்காகத் தனி அமர்வு ஒன்றைத் தொடங்கியதுதான் இந்த ஆண்டில் நாம் செய்த மிக நல்ல காரியம் என்பது என் கருத்து. அடிபட்டவர் பக்கத்தில் இருக்கும்போது அவர்களால் வாய்விட்டு அழக்கூட முடிவதில்லை.

அடுத்து, மாற்றுத்திறனாளி சான்றிதழ். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. தலைக்காயம் தனி வகையாக அதில் இல்லை. கைகால் இயக்கம், பேச்சு, அறிவுத்திறன், மனநலம் என்று ஏதாவது ஒன்றின் கீழ்தான் போக வேண்டும். ஒரு பக்கம் கைகால் விழுந்தவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஞாபகமும் நிதானமும் போனவர், பார்வைக்கு நன்றாக இருப்பதால், சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீதக் குறைபாடு என்ற மதிப்பீடு வராமல் வெறுங்கையோடு திரும்புகிறார். இது அநியாயம். நினைவாற்றல், கவனம் ஆகியவற்றுக்கான உளவியல் பரிசோதனை செய்யாமல் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை, அந்தப் பரிசோதனை அறிக்கையோடு முகாமுக்குப் போங்கள்.

விபத்து இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதம் என்று மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சொல்கிறது. தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். காலம் கடந்திருந்தாலும் கேட்டுப் பாருங்கள். அதே சமயம், அவசரப்பட்டு சமரசத்தில் கையெழுத்துப் போடவும் வேண்டாம். மறதியும் கோபமும் வேலைக்குத் திரும்ப முயலும்போதுதான் முழுதாகத் தெரியவரும்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களின் உயிரைக் காப்பாற்ற 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. முதல் 48 மணி நேரத்துக்கு அது பெரிய துணை. அதற்குப் பின்னால் வரும் ஆண்டுகளுக்கு என்ன இருக்கிறது? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, நல்லது. பேச்சுப் பயிற்சிக்கும் ஞாபகப் பயிற்சிக்கும் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1960-களிலேயே வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். அது இன்னும் மாவட்டத் தலைநகரங்களுக்கு முழுதாக வந்து சேரவில்லை.

மார்ச் 20, தலைக்காய விழிப்புணர்வு நாளில் பள்ளிகளில் ஹெல்மெட் பற்றிப் பேசினோம். பின்னால் உட்காருபவருக்கும், நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் அது சட்டப்படி கட்டாயம்.

பேரவையின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் மாதத்தில் அரைநாள் அடிபட்டவரோடு இருந்து, கவனிப்பவரை வெளியே போய்வர அனுப்ப வேண்டும். இதற்காக ஆண்டுச் சந்தாவைச் சற்று உயர்த்த அனுமதி தேவை. பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரைப் பார்க்கவும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்