கடற்படை விமானிகளைப் பழக்கிய பறக்கும் படகுகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். விமானப் பயிற்சியில் இருக்கும் நீ, ஓடுபாதையும் சிமுலேட்டரும் இல்லாத காலத்தில் கடற்படை விமானிகள் எதில் ஏறிப் பழகினார்கள் என்று கேட்டிருந்தாய். அமெரிக்கக் கடற்படையை வைத்தே சொல்கிறேன். அவர்களுடைய தொடக்க காலப் பயிற்சி விமானங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அமெரிக்க விமான வடிவமைப்பாளர் கிளென் கர்டிஸ் உருவாக்கிய ‘எஃப்’ வகைப் பறக்கும் படகு, அதாவது உடலே படகுபோல் நீரில் மிதக்கும் விமானம். அதன் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு வெட்டுதான் அதற்குக் காரணம்.

1912இல் நியூயார்க் மாநிலத்தின் ஹேமண்ட்ஸ்போர்ட் ஊரில், கியூகா ஏரியில் கர்டிஸ் தன் பறக்கும் படகைச் சோதித்தபோது, எஞ்சினை எவ்வளவு முடுக்கியும் அது நீரை விட்டு எழ மறுத்தது. அடிப்பகுதி முன்னிருந்து பின்வரை ஒரே வழவழப்பாக இருந்ததால், வேகம் கூடக் கூட நீர் அதன் பின்பாதியைக் கவ்விக் கீழே இழுத்தது. ஈர மேசையில் ஒட்டிக்கொண்ட கண்ணாடித் தகட்டை நேராகத் தூக்கிப் பார், வராது. விளிம்பில் சிறிது காற்று நுழைந்தால் உடனே கையோடு வந்துவிடும். அப்படிக் காற்று நுழைவதற்காகவே அடிப்பகுதியின் நடுவில் குறுக்காக ஒரு படி அமைத்தார்கள். நீர் அந்த இடத்தில் அறுந்து விலக, பின்பாதி விடுபட்டு, படகு எழுந்தது. அதைப் பார்த்துப் பார்த்து வியக்கிறேன். நீரிலிருந்து எழும் விமானங்களின் அடியில் இன்றும் அந்தப் படி இருக்கிறது.

1914 ஜனவரியில் 9 அதிகாரிகளும் 23 மாலுமிகளும் 7 விமானங்களோடு ஃபுளோரிடாவின் பென்சகோலாவுக்கு வந்து, மூடிக் கிடந்த பழைய கடற்படைத் தளத்தின் கரையில் கூடாரங்களை விமானக் கொட்டகைகளாக்கிப் பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். எஃப் படகில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் அமர்வார்கள். மேலே, அவர்கள் தலைக்குப் பின்னால், சுமார் 100 குதிரைத்திறன் எஞ்சின் பின்னோக்கிய புரொப்பெல்லரைச் சுழற்றும். கர்டிஸின் கட்டுப்பாட்டு முறை உனக்கு விநோதமாகத் தோன்றும். சக்கரத்தைத் திருப்பினால், விமானத்தை இடவலமாகத் திருப்பும் சுக்கான் திரும்பும். அதையே முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் அசையும். பக்கவாட்டுச் சரிவைச் சீராக்கும் இறக்கை மடலான ஏலெரானை இயக்குவதோ விமானியின் தோள்கள். இடப்பக்கம் விமானம் சரிந்தால் மனிதர் இயல்பாகவே வலப்பக்கம் சாய்வார் அல்லவா? தோளை அணைத்திருக்கும் சட்டம் அந்தச் சாய்வை இறக்கைக்குக் கடத்தி விமானத்தை நிமிர்த்திவிடும். உடம்பின் இயல்பையே பாடமாக்கிய அந்த யோசனை மிக அழகானது என்பது என் எண்ணம்.

ஆனால் தலைக்குப் பின்னால் எஞ்சின் இருப்பது, மோதல் நேர்ந்தால் அது முன்னால் இருப்பவர்கள்மேல் சரியும் என்ற ஆபத்தையும் கொண்டிருந்தது. எஞ்சினை மூக்கில் பொருத்திய, மிதவை கொண்ட என்-9 விமானம் வந்ததும் பயிற்சியின் பெரும்பாரம் அதற்கு மாறியது. எனினும் பறக்கும் படகுகள் ஓய்ந்துவிடவில்லை. எஃப் படகைத் திருத்தியமைத்த ‘எம்எஃப்’ 1918இல் வந்தது.

நீ தினமும் பூட்டும் இருக்கைப் பட்டியின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1913 ஜூன் 20 அன்று, அனாபொலிஸ் அருகே, மிதவை பொருத்திய, ரைட் சகோதரர்களின் வகை விமானம் ஒன்று சுமார் 1,600 அடி உயரத்தில் திடீர்க் காற்றில் குலுங்கியபோது, அதை ஓட்டிய வில்லியம் பில்லிங்ஸ்லி தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார். உடன் சென்ற கடற்படை அதிகாரி ஜான் டவர்ஸ் விமானத்தின் சட்டத்தைப் பிடித்துத் தொங்கியபடியே நீரில் விழுந்து பிழைத்தார். இருவரும் பட்டி அணிந்திருக்கவில்லை. அதன் பிறகே கடற்படை விமானங்களில் பட்டி கட்டாயமாயிற்று. அந்த டவர்ஸ்தான் 1919இல் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்ட மூன்று என்சி பறக்கும் படகுகளுக்குத் தலைமை ஏற்றார். அவற்றுள் என்சி-4 மட்டுமே பறந்தபடி லிஸ்பன் சேர்ந்தது.

நீர் மெத்தென்று இருக்கும், விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும் என்று கரையில் நிற்பவர்கள் நினைப்பதுண்டு. வேகமாக மோதுபவருக்கு அது பாறைக்கு ஒப்பு. அலைகளைவிட, காற்றே இல்லாமல் கண்ணாடிபோல் கிடக்கும் நீரே பழகாத விமானிக்குப் பெரிய சோதனை. பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது, உயரக் கணிப்பு தவறிவிடும். கடலின் மேல் தாழப் பறக்கும்போது உங்களுக்கு இதைப் பற்றி என்ன சொல்லித் தருகிறார்கள்? கருவியை நம்பச் சொல்கிறார்களா, கண்ணையும் பழக்குகிறார்களா? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா