உந்தம் மட்டும் ஏன் குறையவில்லை?

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். 2 கிலோ வண்டி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து, சும்மா நிற்கும் 1 கிலோ வண்டியில் மோதி ஒட்டிக்கொள்கிறது. உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது, மோதலுக்கு முன்னாலும் 6, பின்னாலும் 6. அதனால் இரண்டும் சேர்ந்து நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகின்றன. விடை சரி. ஆனால் இயக்க ஆற்றல் 9 ஜூலிலிருந்து 6 ஆகிவிட்டதே, உந்தம் மட்டும் எப்படித் தப்பியது என்கிறாய். உந்தம் மாறாது, விதி அப்படி என்று எழுதிவிட்டு நகராமல் கேட்டாயே, அதில் எனக்குச் சந்தோஷம்.

சூத்திரத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, மோதும் கணத்தை மட்டும் பார். முதல் வண்டி எந்த விசையால் தள்ளுகிறதோ, அதே அளவு விசையால் இரண்டாவது எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. எவ்வளவு நேரம்? இரண்டுக்கும் ஒரே நேரம்தான். இது அதைத் தொடும்போது அது இதைத் தொடாமல் இருக்க முடியுமா? விசையை நேரத்தால் பெருக்கினால் உந்த மாற்றம். ஆக, முதல் வண்டி இழந்த உந்தம் 2 அப்படியே மற்றதற்குப் போய்விடுகிறது.

ஆற்றலுக்கோ விசையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். ஒட்டும் இடம் நசுங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு பொழுதில், பின்னால் வரும் வண்டி முன்னால் இருப்பதைவிட அதிக தூரம் நகர்கிறது. நேரம் ஒன்று, தூரம் வேறு. அதனால் முதல் வண்டி 5 ஜூல் இழக்க, இரண்டாவதற்கு 2 ஜூல்தான் கிடைக்கிறது. மீதி 3 ஜூல் நசுங்கியதிலும் சூட்டிலும் சத்தத்திலும் போய்விட்டது.

சரி, சூடு என்பதும் அணுக்களின் அசைவுதானே, உந்தமும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளாதா? ஒளியாது. உந்தத்துக்குத் திசை உண்டு. எல்லாப் பக்கமும் தாறுமாறாக அதிரும் அணுக்களின் உந்தங்களைக் கூட்டினால் ஒன்றுக்கொன்று கழிந்து சுழியாகிவிடும். ஆற்றலுக்குத் திசை இல்லை, கழிய வழியும் இல்லை.

பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த்தே இந்தத் திசையைக் கோட்டைவிட்டவர்தான். உலகின் மொத்த இயக்கம் மாறாது என்று 1644-இல் எழுதினார். யோசனை அபாரம். ஆனால் வேகத்தின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டதால் அவருடைய மோதல் விதிகளில் பெரும்பாலானவை தப்பாகிப்போயின. டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் வந்துதான் சரிசெய்தார்.

கல் கீழே விழும்போது உந்தம் கூடுகிறதே என்று அடுத்துக் கேட்பாய். கல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் பூமியின் இழுப்பு ஒரு புறவிசை, அதாவது வெளியிலிருந்து வரும் விசை; உந்தம் கூடத்தான் செய்யும். பூமியையும் சேர்த்துக்கொள். அதுவும் கல்லை நோக்கி அதே அளவு உந்தம் பெறுகிறது. அதன் நிறை ஏறக்குறைய 6-க்குப் பின் 24 சுழி கிலோ என்பதால் நகர்வது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், குறுக்கே வந்து மோதும் வண்டிகளின் கணக்கில் இரண்டு உந்தங்களையும் நேராகக் கூட்டியிருக்கிறாய். கிழக்குக்குத் தனியாக, வடக்குக்குத் தனியாக எழுதிப் போட்டு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
அம்மா