'பிக் ஃபிஷ்' தமிழ் சப்டைட்டிலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

டிம் பர்ட்டனின் 'பிக் ஃபிஷ்' (2003) படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் தயார். கதை கதையாக அளந்துவிடும் அப்பா, அதில் ஒன்றையும் நம்பாத மகன். 125 நிமிடமும் பேச்சுதான்.

முதல் நன்றி, நேரக் கோளாறைப் பிடித்த தம்பிக்கு. தொடக்கத்தில் சரியாக வந்த வரிகள் போகப்போக வசனத்தை முந்திக்கொண்டு ஓடின, நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை விநாடி. மொத்தமாகத் தள்ளிவைத்தால் ஒரு காட்சியில் ஒட்டும், அடுத்ததில் மறுபடி ஓடும். காரணம், சப்டைட்டில் கோப்பு விநாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்) கணக்கு, படம் 23.976. எல்லா நேரத்தையும் 1.0427ஆல் பெருக்கியதும் கடைசி வரிவரை சரியாக உட்கார்ந்தது.

ஆற்றில் தூண்டில் போடும் அண்ணனுக்கு அடுத்தது. வரைவில் "செதில் மின்ன" என்றிருந்தது. படத்தில் வருவது கெளுத்தி. கெளுத்திக்கு ஏது செதில்? வழவழத் தோலும் மீசையும்தான். வரி உடனே மாறியது.

கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். வரிக்கு 35 எழுத்தைத் தாண்டினால் அங்கிருந்து படிக்க முடியவில்லை. டாஃபடில் பூக்காட்சியில் திரை முழுக்க மஞ்சள், அதில் வெள்ளை எழுத்து கரைந்துபோனது. கருப்பு விளிம்பு கொடுத்ததும் தெளிந்தது. பழைய டிவியில் 'கொ', 'கோ' உடைந்து புள்ளி வட்டமாகத் தெரிந்ததையும் சொன்னார்கள். அது கோப்பின் குறையல்ல, தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாத டிவியின் குறை. எல்லாமே கேள்விக்குறியாக வந்தால் மட்டும் கோப்பை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறிமுறை) முறையில் சேமித்துப் பாருங்கள்.

பெரிய நன்றி, ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுக்கு. ஆங்கிலத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே 'யூ'. கல்யாண விருந்தில் சண்டை போட்டு மூன்று வருடம் பேசாமலிருக்கும் மகன், கோபத்தில் அப்பாவை 'நீ' என்பானா? சிலர் அப்படித்தான் கேட்டார்கள். ஆசிரியை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 'நீங்க' படம் முழுக்க இருக்கட்டும், சண்டையில் 'அப்பா' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். மருத்துவமனையில், அப்பாவின் முடிவை மகன் அவருக்கே கதையாகச் சொல்லும்போதுதான் அந்தச் சொல் திரும்ப வருகிறது. மொத்தக் கோப்பிலும் எங்களுக்குப் பிடித்த திருத்தம் இதுதான்.

பிழை கண்டால் நிமிடம், விநாடியோடு எழுதுங்கள். வரியைத் தேடி எடுக்க அதுதான் வசதி.

நன்றியுடன்,
சப்டைட்டில் குழுவினர்