கடவுச்சொல் மறந்ததற்காகக் கணினியை அழிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. அதையொட்டி, சிங்கப்பூரில் எங்கள் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் பலர் பழைய மடிக்கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் போட்டுக்கொடுத்த பேரன் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விடுகிறான். கடவுச்சொல் யாருக்கும் தெரிவதில்லை.

என் புளோக்கில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், காலமான கணவரின் கணினியைக் கடைக்குக் கொண்டுபோனார். எல்லாவற்றையும் அழித்தால்தான் திறக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் இருந்தவை ஊரில் எடுத்த குடும்பப் படங்கள்! கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அழிக்க வேண்டிய தேவையே இல்லை.

லினக்ஸ் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றியே வைக்கிறது. எனவே பழையதைக் கண்டுபிடிக்க வழியில்லை, புதியதை வைக்கலாம். கணினியை முடுக்கியவுடன் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால், எப்படித் தொடங்குவது என்று கேட்கும் 'கிரப்' பட்டியல் வரும். அதில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் 'ரிக்கவரி மோட்' (மீட்பு முறை), பிறகு முழு அதிகாரத்தோடு கட்டளை தட்ட இடம்தரும் 'ரூட்' ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வட்டை எழுதத்தக்கதாக மாற்றிவிட்டு, கடவுச்சொல் மாற்றும் கட்டளையைப் பயனர் பெயருடன் தரவேண்டும். புதிய சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று பலர் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான். தயங்காமல் தட்டி, எண்டர் அழுத்தி, இன்னொரு முறையும் தட்டவேண்டும். அந்த மூதாட்டியின் கணினி இப்படித்தான் திறந்தது; படங்கள் அத்தனையும் இருந்தன. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் மட்டும் பழைய கடவுச்சொல்லால் பூட்டியபடியே சிக்கிக்கொள்ளலாம்.

இத்தனை எளிது என்றால் திருடனுக்கும் எளிதுதானே? ஆம். அதற்காகவே நிறுவும்போது வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும், அதாவது தனியொரு திறவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் அந்தத் திறவுச்சொல் தொலைந்தால் மேற்சொன்ன வழி உதவாது. அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.

சமூக மன்றங்களில் மூத்தோருக்கு நடக்கும் கணினி வகுப்புகளில் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். உட்லண்ட்ஸில் நடந்தால் நானே வந்து சொல்லித்தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினிப் பராமரிப்பாளர்,
உட்லண்ட்ஸ்