ரசீதில் இருக்கும் மூன்று எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் அடையாறு பக்கம் ஒரு சிக்னலில் ஆட்டோ நின்றபோது மூன்று பையன்கள் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே மாதிரி டி-ஷர்ட், கழுத்தில் ஒரு அட்டை, உண்டியல் மேல் முடி கொட்டிப்போன ஒரு குழந்தையின் படம். கேன்சர் குழந்தைகளுக்காம். எந்த ஆஸ்பத்திரி தம்பி என்று கேட்டேன். "எல்லா ஆஸ்பத்திரியும்தான் மேடம்" என்றான் ஒருவன். ரசீது உண்டா என்றதும் பின்னால் நின்ற காருக்கு நகர்ந்துவிட்டார்கள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், அவருக்கு இது தினமும் நடக்கிற கூத்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே கேன்சருக்காக ஊரில் பணம் திரட்டி, திரட்டிய பணத்தில் ஒரு ஆஸ்பத்திரியையே கட்டி எழுப்பிய இடம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. நாம் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அதன் முழுப் பெயரில் அடைப்புக்குறிக்குள் டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்து வரும். எங்கள் அத்தைக்கு வைத்தியம் பார்க்கப் போன இரண்டு வருடமும் அதை ரசீதில், பலகையில் என்று எத்தனையோ முறை பார்த்தும் என்னவென்று கேட்கத் தோன்றியதில்லை. வுமன்ஸ் இந்தியன் அசோசியேஷன், இந்திய மாதர் சங்கம். 1917-ல் இதே அடையாறில் ஆரம்பித்தது. அந்தச் சங்கத்தின் பெயரில் 1949-ல் புற்றுநோய் நிவாரண நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதாவது முதலில் வந்தது நிதி, ஆஸ்பத்திரி அப்புறம்தான்.

அதன் பின்னால் இருந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி ஒழிப்பு, சட்டசபை, அவ்வை இல்லம் என்று அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவருடைய தங்கை கேன்சரில் இறந்துபோனதும், டாக்டராக இருந்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியாமல் போனதும் அந்தப் பாடங்களில் கண்ணில் படுவதில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிலேயே கேன்சருக்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பேசினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த வியாதி வந்தால் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற எண்ணம் மேல்மட்டத்திலேயே இருந்த காலம் அது. சரி, அரசாங்கம் முன்வரவில்லை என்றால் நாமே திரட்டுவோம் என்று இறங்கியபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1952-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி ஆஸ்பத்திரி திறந்தது. எத்தனை படுக்கை தெரியுமா, வெறும் 12.

மறு வருஷம் அங்கே வந்து சேர்ந்தவர்தான் டாக்டர் சாந்தா. அரசு மகளிர் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது, அதை விட்டுவிட்டு வந்தார். முதல் மூன்று வருஷம் சம்பளமே கிடையாது, அதன் பிறகு மாதம் 200 ரூபாய், வளாகத்துக்குள்ளேயே தங்க ஒரு இடம். முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அவருமாகச் சேர்ந்து அந்தப் பன்னிரண்டு படுக்கையை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது ஊருக்கே தெரியும். மகசேசே விருது, பத்ம விபூஷண் எல்லாம் வந்தும் 2021-ல் இறக்கும்வரை சாந்தா அந்த வளாகத்தை விட்டு வெளியே குடிபோகவில்லை.

இவ்வளவும் எழுதக் காரணம், பணம் கேட்பதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று நான் நினைப்பதுதான். அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்த ஒரு நாள், நன்கொடை கவுண்ட்டரில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். மஞ்சள் பை, ரப்பர் செருப்பு. பைக்குள் கையை விட்டு, மடித்து மடித்து வெற்றிலை மாதிரி ஆகியிருந்த நூறு ரூபாய்த் தாள்கள் ஐந்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே இருந்த பெண் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, எழுத்து சரியா என்று அவரிடமே காட்டிவிட்டு ரசீது போட்டார். ஐந்நூறுதானே என்ற அலட்சியம் துளியும் இல்லை. பெரியவரின் மனைவி அங்கே வைத்தியம் பார்த்துக் குணமாகிப் போனவராம், வருஷா வருஷம் செக்கப்புக்கு வரும்போது முடிந்ததைக் கட்டுவாராம். பணம் இல்லாதவர்களுக்கு அங்கே இலவசமாகவோ கொஞ்சம் செலவிலோ வைத்தியம் நடக்கிறது என்றால் அதில் அந்த ஐந்நூறுக்கும் பங்கு உண்டு.

வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு குழந்தை படம், ஒரு க்யூஆர் கோடு, "இதை நிராகரிக்காதீர்கள்" என்று ஒரு மிரட்டல். எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன், நிஜமான கஷ்டமும் அதற்குள் மாட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எந்த ஆஸ்பத்திரி, யார் பெயரில் கணக்கு, ரசீது உண்டா என்ற மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் வராத இடத்தில் நான் கொடுப்பதில்லை. இதைச் சொன்னால் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள் எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்கள் பத்திரிகையிடம் கேட்பது ஒன்றுதான். பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள் அன்று வழக்கமாக அறிகுறிகள், உணவுமுறை என்று ஒரு பக்கம் போடுகிறீர்கள். இந்த முறை அதில் கால் பக்கம் ஒதுக்கி, நன்கொடையை நேரடியாக எங்கே கட்டலாம், கவுண்ட்டர் எத்தனை மணிவரை திறந்திருக்கும், குறைந்தது எவ்வளவு வாங்குவார்கள் என்று விசாரித்துப் போடுங்கள். சிக்னலில் உண்டியலில் பத்து ரூபாய் போடுகிறவர்களுக்கு இந்த விவரம் தெரிந்தாலே போதும், பாதிப் பேர் அங்கே போய்க் கட்டிவிட்டு வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவான்மியூர்